மூடுபனியில் மஞ்சள் விளக்கு ஏன்?

குட்டீஸ்... மார்கழி மாத அதிகாலையில் தர்மபுரியில் இருந்து சேலத்துக்குக் காரில் போயிருக்கிறீர்களா? வழியில் தொப்பூர் கணவாயில் பனி மூடினால், முன்னால் போகும் லாரிகூடச் சரியாகத் தெரியாது. அப்போது 'பிரைட்' லைட் போட்டால், சாலை இன்னும் மறைந்துவிடும்! ஏன் தெரியுமா?

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் குட்டிக் குட்டி நீர்த்துளிகள். வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி, நம் கண்ணுக்கே திரும்பி வந்து கூச வைக்கிறது. அதனால்தான் 'ஃபாக் லைட்' எனும் பனி விளக்கை பம்பரில் தாழ்வாகப் பொருத்துகிறார்கள். அதன் ஒளி மேலே எழும்பாமல், சாலையில் அகலமாக விழும்.

மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்பார்கள். அது சரியல்ல! பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால், மஞ்சள் ஒளியில் நீலம் குறைவு. பலருக்குக் கண் கூச்சம் குறையும். பிரான்சில் 1993 வரை கார்களின் முகப்பு விளக்கே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது!

பல்பு நீண்ட நாள் உழைக்க வேண்டுமா?

* காருக்குரிய வாட்ஸ் அளவிலேயே வாங்க வேண்டும்.

* ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். சுத்தமான துணியால் பிடித்து மாட்ட வேண்டும்.

* விளக்கில் படியும் சேற்றை அடிக்கடி துடைக்க வேண்டும்.

அடுத்த முறை பனியில் போகும்போது, "டிம் லைட் போடுங்கப்பா, மெதுவா போங்க" என்று அப்பாவிடம் சொல்வீர்கள்தானே? பனி விலகியதும் பனி விளக்கை அணைக்கவும் ஞாபகப்படுத்துங்கள். எதிரே வருபவருக்கும் கண் கூசுமே!