கேம்பிங் ட்ரெய்லருக்குப் பின்னால் சைக்கிள்... பம்பரை நம்பிக் கட்டாதீங்க!

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்குக்குள் மட்டும் சுமார் 20 கி.மீ சைக்கிள் பாதை இருக்கிறது. கோடைக்கூட்டத்தில் காரை நகர்த்துவதைவிட சைக்கிளை மிதிப்பது எவ்வளவோ மேல். அதனால், கேம்பிங் ட்ரெய்லரில் வரும் குடும்பங்கள் சைக்கிளையும் கூடவே கொண்டுவந்துவிடுகின்றன. (அங்கே 'பைக் ரேக்' என்றால் சைக்கிள் மாட்டுவது. நம்ம ஊர் பைக் இல்லை!)

எங்கே மாட்டுவது? காரின் பின்பக்கத்தை ட்ரெய்லர் பிடித்துக்கொண்டது. மிச்சம் இருப்பது ட்ரெய்லரின் பின்பக்கம். அங்கே 4 இன்ச் சதுர பம்பர் ஒன்று தயாராகத் தெரியும். பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். ஆனா, பல ட்ரெய்லர்களில் அது மெல்லிய தகடுதான். உள்ளே கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைப்பார்கள், அவ்வளவே! அதில் ரேக்கை மாட்டினால், ஒவ்வொரு குழியிலும் வெல்டிங் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடும். ஒருநாள் பம்பரோடு சேர்ந்து சைக்கிளும் ஹைவேயில் கிடக்கும். பின்னால் வருகிறவர் கதி?

ட்ரெய்லர் ஒரு சீசா மாதிரி. நடுவில் இருக்கும் சக்கரம்தான் அச்சு. வால் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு குதிக்கும். காருக்காகச் செய்த ரேக்கை ட்ரெய்லரில் மாட்டக் கூடாது என்று பல கம்பெனிகள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ட்ரெய்லரின் முன்பக்கம் காரின் கொக்கியை அழுத்தும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் இருக்க வேண்டும். 1,500 கிலோ ட்ரெய்லர், முன்பக்க அழுத்தம் 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதாவது 12 சதவிகிதம், நல்ல நிலைதான். இப்போ ரெண்டு இ-சைக்கிள், ரேக் எல்லாம் சேர்த்து 60 கிலோவை அச்சுக்கு 3 மீட்டர் பின்னால் மாட்டுகிறோம். கொக்கி 4 மீட்டர் முன்னால் இருந்தால், அழுத்தம் 45 கிலோ குறையும். மிச்சம் 135, அதாவது 9 சதவிகிதத்துக்கும் கீழே! வேகம் எடுத்தால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். காரையும் சேர்த்து இழுக்கும். எனவே, கனமான பெட்டிகளை அச்சுக்கு முன்னால் நகர்த்திவிட்டு, மறுபடி எடை போட்டுப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

சரி, ரேக் எப்படி செய்வது? ட்ரெய்லரின் தரைக்கு அடியில் நீளவாக்கில் ரெண்டு இரும்பு பீம்கள் ஓடும். அதுதான் எலும்பு. அந்த ரெண்டையும் இணைத்து குறுக்கே ஒரு கனமான சதுரக் குழாய். அதன் நடுவில், உள்ளளவு 2 இன்ச் இருக்கும் ரிசீவர் குழாயை வெல்டிங் செய்ய வேண்டும். பீமில் துளை போடுவதானால் நடுப்பகுதியில் போடுங்கள். மேல், கீழ் விளிம்பில் போட்டால் பீமின் பலமே போய்விடும். வெல்டிங்கைப் பழகிய கையிடம் விட்டுவிடுவதே நல்லது. இது யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம் இல்லை.

ரிசீவருக்குள் நுழையும் 2 இன்ச் குழாயோடுதான் ரேக் இருக்கும். குறுக்கே 5/8 இன்ச் பின் ஒன்று, அது கழன்று விழாமல் ஒரு கிளிப். வீட்டுக்கு வந்ததும் பின்னை உருவினால், ரேக் கையோடு வந்துவிடும். என்ன, குழாய்க்குள் குழாய் என்பதால் கடகடவென்று ஆடும். ரிசீவரின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, அதன் மேல் நட்டை வெல்டிங் செய்து, ஒரு போல்ட்டை இறுக்கினால் ஆட்டம் அடங்கிவிடும்.

சைக்கிளை மேல்கம்பியில் தொங்கவிடுவதைவிட, சக்கரங்களைத் தட்டில் உட்காரவைத்து பெல்ட்டால் கட்டுவது நல்லது. ஹேண்டில் திரும்பாமல் அதற்கும் ஒரு கட்டு. நம்பர் பிளேட்டும் பிரேக் லைட்டும் மறையக் கூடாது. முதல் 50 கி.மீ ஓடியதும் வண்டியை ஓரங்கட்டி, எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். இ-சைக்கிள் என்றால், கிளம்பும்முன் பேட்டரியைக் கழற்றி காருக்குள் வைத்துவிடுங்கள். வாலில் சில கிலோ குறையும், மழையிலும் நனையாது.