வண்டிக்குள் ஒரு வீடு: லாரி கேபினில் குளிரும் வெப்பமும்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கவிதை எழுத எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது லாரி. அப்பா நாமக்கல்லில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் மரவேலை செய்கிறார். மாமா லாரி டிரைவர். ஆகவே லாரி கேபினைப் பற்றியே எழுதுகிறேன்.

மாமாவுக்கு நேர்ந்தது

நம் ஊர் வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தெற்கே கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே ஸ்ரீநகரில் முடிகிறது. சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதே சாலையின் மறுமுனையில், மார்கழி தை மாத இரவுகளில், தண்ணீர் உறைந்துவிடும். இரண்டையும் தாங்க வேண்டியது ஒரே கேபின்தான்!

இரண்டு வருடம் முன்பு ஒரு ஜனவரி இரவு. பதான்கோட் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மாமாவும் கிளீனர் அண்ணனும் படுத்திருக்கிறார்கள். குளிர் தாங்கவில்லை. இரும்புச் சட்டியில் கரியைப் பற்ற வைத்து உள்ளே வைத்துக்கொண்டு, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டார்கள். நடுராத்திரி மாமாவுக்குத் தலை வெடிப்பது போல் வலி, வாந்தி. எப்படியோ கதவைத் திறந்து கீழே விழுந்தார். கிளீனர் அண்ணனை இழுத்து வெளியே போட்டபோது அவருக்குப் பேச்சு மூச்சில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார்.

“குளிர் அடிச்சிருச்சு மாப்ளே” என்றார் மாமா ஊருக்கு வந்ததும். குளிர் அல்ல தோழர்களே, அது கார்பன் மோனாக்சைடு!

ஒரு சின்னக் கணக்கு

மாமாவின் கேபினை அளந்தேன். உள்ளே சுமார் 6 கன மீட்டர் இடம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. ஆக மொத்தக் காற்று 7.2 கிலோ. அதில் எடைக்கணக்கில் ஆக்சிஜன் 23 சதம், அதாவது சுமார் 1.65 கிலோ.

12 கிராம் கார்பன் முழுதாக எரிய 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இது நாம் முதலாண்டு வேதியியலில் படித்ததுதான். அப்படியானால் ஒரு கிலோ கரிக்கு 2.67 கிலோ ஆக்சிஜன் வேண்டும். கேபினில் இருப்பதே 1.65 கிலோ! ஆக்சிஜன் குறையக் குறைய, கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிவிட்டால் போதும் என்று நம்புவதும் ஆபத்தே. பம்ப் ஸ்டவ்வுக்கும் கேஸ் அடுப்புக்கும் இதே கதைதான்.

அப்புறம் குளிருக்கு என்னதான் வழி?

வெப்பத்தை உண்டாக்குவதற்கு முன், இருக்கிற வெப்பத்தை ஓடவிடாமல் பிடிக்க வேண்டும். வெப்பம் மூன்று வழியில் ஓடுகிறது: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. இரும்புத் தகடு வெப்பத்தைக் கடத்துவதில் சூரன். கண்ணாடி நார் என்கிற கிளாஸ் வுல் இரும்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மந்தம். காரணம், அதற்குள் சிறைபட்டு நிற்கும் காற்று.

சுவர், கூரை, தரை சேர்த்துப் பத்துச் சதுர மீட்டர் என்று வையுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம். வெறும் தகடாக இருந்தால் சுமார் 1200 வாட் வெப்பம் வெளியேறும். தகட்டுக்கும் உள் பிளைவுட்டுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் கிளாஸ் வுல் வைத்தால் அது சுமார் 250 வாட்டாக இறங்கிவிடும்! ஓய்வாகப் படுத்திருக்கும் மனிதர் ஒருவர் உடம்பிலிருந்தே 80 வாட் அளவுக்கு வெப்பம் வரும். இருவர் படுத்தால் 160 வாட். பார்த்தீர்களா, நம் உடம்பே ஒரு ஹீட்டர்தான்!

ஆனால் கண்ணாடியை மறந்துவிடக் கூடாது. இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி வழியே மட்டும் 240 வாட் போகும். அதற்குத் தடித்த கம்பளித் திரை போட வேண்டும். தெர்மாகோல் மலிவுதான், ஆனால் தீப்பிடிக்கும். ஒயர் ஓடும் கேபினில் அது வேண்டாம்.

இந்தப் பஞ்சு வெயிலுக்கும் உதவும். கூரைத் தகடு வெயிலில் கொதித்தாலும் அந்தச் சூடு உள்ளே இறங்கத் தாமதமாகும். புதிதாகத் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே ஓடும் பழைய வண்டிகளில் படுப்பவர்களுக்கு? அவர்களுக்குப் பஞ்சும் பிளைவுட்டும்தான் ஏ.சி.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் சிறு வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். நின்ற இடத்தில் கூரையை மேலே தூக்கிக்கொள்ளலாம். தூக்கிய பகுதியில் சுவர் துணிதான் என்பதால் குளிர் புகும். அதற்கு உட்பக்கம் தடுப்பு விரிப்பு மாட்டி, டீசல் ஹீட்டர் வைக்கிறார்கள். அதிலும் நெருப்புதான் எரிகிறது. ஆனால் எரிய வேண்டிய காற்று வெளியிலிருந்து குழாய் வழியே வருகிறது, புகையும் குழாய் வழியே வெளியே போகிறது. உலோகச் சுவரைத் தாண்டிச் சூடு மட்டும் உள்ளே வருகிறது. நெருப்பும் மூச்சும் ஒரே காற்றைப் பங்கு போடக் கூடாது என்பதே அங்கேயும் பாடம்.

பட்டறையில் நடந்தது

இந்தக் கணக்கை நோட்டில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரி கண்ணு, தகரம் வேர்க்குமே, அதுக்கு என்ன பண்ணுவ?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை! ஒரு ராத்திரியில் இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் அளவுக்கு நீராவி வரும். அது குளிர்ந்த தகட்டில் பட்டால் நீராகும். பஞ்சு நனையும், தகடு துருப்பிடிக்கும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது. அப்பா அதற்கு வழி சொன்னார். பஞ்சின் உட்பக்கம் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் பிளைவுட், அதற்கு மேல் ரெக்சின். கீழே ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கம் மேலே ஒரு ஓட்டை, இரண்டுக்கும் தள்ளுமூடி. சூடான ஈரக்காற்று மேலே போகும், புதுக்காற்று கீழே வரும். இந்த ஓட்டைகள் மூச்சுக்காக மட்டுமே. அடுப்பு வைக்க அனுமதி அல்ல!

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்து மாமாவின் கேபினை முடித்தோம். நான் அளந்தேன், அப்பா அறுத்தார். போன ஜனவரியில் மாமா மறுபடி ஜம்மு போனார். அங்கிருந்து போன் போட்டு, “ரெண்டு கம்பளி போதுமுங்கற அளவுக்கு இருக்குது மாப்ளே. அடுப்பு வெளியதான் எரியுது” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என் நோட்டைப் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தார்.

தோழர்களே! சங்ககிரியில், ராசிபுரத்தில், திருச்செங்கோட்டில் லாரியிலோ ரிக் வண்டியிலோ போகிற சொந்தக்காரர் இல்லாத வீடு நம்மில் எத்தனை பேருக்கு? ஃபார்முலா பரீட்சையோடு போய்விட வேண்டாம். இன்றைக்கே அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்: மூடிய கேபினில் நெருப்பு வேண்டாம். படித்த பிள்ளை சொன்னால் கேட்பார்கள்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை