கணிப்பொறியின் இயக்கமுறைமையை மீண்டும் நிறுவுதல்

1960-ஆம் ஆண்டில், பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 'டிஃப்ராக்' என்னும் கணிப்பொறி முறைப்படி இயங்கத் தொடங்கியது. அதற்குரிய ஆணைகளைத் துளையிட்ட காகித நாடாவின் வழியே ஊட்டினர். அதன் நினைவகம் ஏறத்தாழ 10 கிலோபைட் அளவே கொண்டது. இன்று 'பென் டிரைவ்' என மக்கள் வழங்கும் நினைவுக்கோல், 8 ஜிகாபைட் அளவினதாயின், அதைப்போல் சுமார் எட்டு லட்சம் மடங்கு செய்தியைக் கொள்ளும். எனினும் அடிப்படை மாறவில்லை. பொறி தானாக எதையும் அறியாது. ஆணைகளை வெளியிலிருந்து ஊட்டுதல் வேண்டும்.

கல்யாணில் வசித்து, தாராவியிலும் மாதுங்காவிலும் பணிபுரியும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மதிப்பெண் பட்டியல்களையும் கணக்கெடுப்புக் குறிப்புகளையும் கணிப்பொறியிலேயே வைத்திருப்பர். பொறி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலும், வைரஸ் புகுந்தாலும் இயக்கமுறைமை பழுதடையக்கூடும். அப்போது திரையில் பிழைச் செய்தியன்றி வேறொன்றும் தோன்றாது. எல்லாம் அழிந்தன என எண்ணுதல் தவறு. அவ்வெண்ணத்தால் அவசரப்பட்டு மீண்டும் நிறுவ முற்படுதல் அதனினும் பெருந்தவறு.

தொடங்கும்போது நிகழ்வது

மின்விசையைப் போட்டவுடன், தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லில் நிலையாகப் பதிந்த ஆணைத்தொகுதி விழித்தெழுகிறது. பழைய பொறிகளில் அதன் பெயர் பயாஸ்; புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. அது உறுப்புகளைச் சோதித்தபின், குறித்த வரிசைப்படி சேமிப்புக் கருவிகளை நாடி, இயக்கமுறைமையின் முதற்பகுதியை நினைவகத்தில் ஏற்றுகிறது. அவ்வரிசையில் நினைவுக்கோலை முதலில் வைப்போமாயின், உள்ளிருக்கும் வட்டு பழுதுற்றிருப்பினும் பொறி கோலிலிருந்து தொடங்கும். நாம் மேற்கொள்ளும் முறை முழுதும் இவ்வொரு தத்துவத்தையே சார்ந்தது.

நினைவுக்கோலை ஆயத்தம் செய்தல்

வேறொரு நல்ல கணிப்பொறியில் இப்பணியைச் செய்தல் வேண்டும். இயக்கமுறைமையை வெளியிடுவோரின் தளத்திலிருந்து 'ஐ.எஸ்.ஓ.' என்னும் படிமக் கோப்பைப் பெறுக. அவர்கள் வெளியிடும் 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியோடு, பெற்ற கோப்பின் குறியை ஒப்பிடுக. ஓரெழுத்து வேறுபட்டாலும் அக்கோப்பை விலக்குக.

கோப்பை வெறுமனே நகலெடுத்தால் கோல் பொறியைத் தொடக்காது. 'ரூஃபஸ்' போன்ற எழுதுமென்பொருளால் அதனைப் பதித்தல் வேண்டும். பதிக்கும்போது கோலில் முன்பிருந்தவை யாவும் அழியும் என்பதை மறத்தலாகாது.

முதலில் மீட்பு

லினக்ஸ் வகை இயக்கமுறைமைகள் பலவற்றை, வட்டில் நிறுவாமலேயே கோலிலிருந்து நேரே இயக்கலாம். சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' அவ்வினத்தைச் சார்ந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இது இலவசமாகக் கிடைப்பது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு வசதி செய்வது.

கோலைச் செருகி, பொறியை முடுக்கியதும் எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலீட் ஆகிய விசைகளுள் அப்பொறிக்குரியதை அழுத்துக. தோன்றும் பட்டியலில் கோலைத் தேர்க. 'நிறுவுக' என்பதை விடுத்து, 'நிறுவாமல் இயக்குக' என்னும் பொருளுடையதைத் தெரிந்தெடுக்க. திரை தோன்றியதும் உள்வட்டைத் திறந்து, தேவையான கோப்புகளை மற்றொரு கோலுக்கோ வெளிவட்டுக்கோ நகலெடுக்க. நகலெடுத்த கோப்புகளுட் சிலவற்றை வேறொரு பொறியில் திறந்து பார்த்த பின்னரே மீட்பு முடிந்ததெனக் கொள்ளலாம்.

'பிட்லாக்கர்' என்னும் பூட்டு இடப்பெற்ற வட்டானால், 48 இலக்க மீட்புத் திறவு இன்றி உள்ளே நுழைய இயலாது. அதனை முன்னரே தாளில் எழுதி வைத்தல் நலம். வட்டிலிருந்து கடகடவென்னும் ஒலி எழுமாயின் கோளாறு இயக்கமுறைமையில் இல்லை, வட்டிலேயே உள்ளது. அந்நிலையில் பொறியை நிறுத்தி, வல்லுநரிடம் ஒப்படைக்க.

தமிழ் எழுத்துருக்கள்

நம்மவர்க்கே உரிய இடரொன்று உண்டு. ஒருங்குறி பரவுமுன், 'பாமினி' முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் பல இன்றும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உள்ளன. அவை ஆங்கில எழுத்துகளின் எண்களைக் கொண்டே தமிழ் வடிவங்களைக் காட்டுவன. புதிதாக நிறுவிய பொறியில் அவ்வெழுத்துரு இல்லையேல், ஒழுங்கான தமிழ்க் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கோப்பு கெட்டதன்று, அதற்குரிய உருவமே காணாமற் போயிற்று. ஆதலின் ஆவணங்களோடு, விண்டோஸ் கோப்புறையிலுள்ள 'ஃபான்ட்ஸ்' உட்கோப்புறையையும் நகலெடுக்க. பின்னர் ஓய்வுள்ளபோது அவ்வாவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் நிலையான தீர்வாகும்.

நிறுவுதல்

இதன்பின் நிறுவுதல் எளிது. மடிக்கணினியாயின் மின்னிணைப்பைப் பொருத்துக. கோலிலிருந்து மீண்டும் தொடங்கி, நிறுவும் பகுதியைத் தேர்க. வட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டமே மிகக் கவனத்துக்குரியது. அளவைக் கொண்டு சரியான வட்டை அடையாளம் காண்க. மீட்புக்குப் பயன்பட்ட வெளிவட்டை அதற்கு முன்னரே கழற்றிவிடுக. இல்லையேல் மீட்டவையும் அழியக்கூடும். முடிந்தபின் கோலை அகற்றிப் பொறியை மறுதொடக்கம் செய்து, பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றுக.

எதனை நிறுவுவது என்னும் வினாவும் எழும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றன. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தையும் வேண்டுவது. இவ்வசதியற்ற பழைய பொறிகளைக் கழித்துவிடுமுன், லினக்ஸை நிறுவி ஆய்ந்து பார்த்தல் தகும்.

இயக்கமுறைமையை எத்தனை முறை வேண்டுமாயினும் மீண்டும் பெறலாம். ஓராண்டு உழைத்துத் தொகுத்த மதிப்பெண்களையும் களக்குறிப்புகளையும் அவ்வாறு பெற இயலாது. ஆகவே பள்ளிதோறும் அலுவலகந்தோறும் சரிபார்த்த நினைவுக்கோலொன்றும், அதன் பயன்பாட்டை ஒருமுறையேனும் செய்து பழகிய ஒருவரும் இருத்தல் வேண்டும். அப்பழக்கத்தைப் பொறி நன்கு இயங்கும் நாளிலேயே செய்துவைப்பது சாலச் சிறந்தது.