கோபம் தணிந்த பின்

பத்து மாதக் குழந்தைக்கு வாய் உண்டு, வாக்கு இல்லை. யார் அடித்தார்கள், எங்கே வலிக்கிறது என்று வினவினால், அழுகை ஒன்றுதான் அதன் பதில். அந்த அழுகைக்கோ பசி, தூக்கம், பல் முளைத்தல் என்று நூறு காரணம் கற்பித்துவிடலாம். ஆகையால், நம் குழந்தையை ஏந்திக்கொள்ளும் அயலார் கைகளில் நாம் வைக்கும் நம்பிக்கைக்கு ஈடாக வேறொரு நம்பிக்கையைச் சொல்வதற்கில்லை.

2016-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், நவி மும்பையைச் சேர்ந்த கார்கரில் அந்த நம்பிக்கை தகர்ந்தது. அங்கே ஒரு காப்பகத்தில், பத்து மாதப் பெண் குழந்தையை ஆயா ஒருத்தி அடித்து, உதைத்து, கீழே எறிந்த கொடுமை காமிராவில் பதிவாகியிருந்தது. குழந்தையின் உடம்பிலிருந்த காயங்களைக் கண்டு பெற்றோர் சந்தேகித்த பிறகே அது வெளியாயிற்று. ஆயா கைது செய்யப்பட்டாள். படத்தைப் பார்த்தவர்கள் தேசமெங்கும் கொதித்தெழுந்தார்கள்.

அந்தக் கோபம் தர்மமானதே. ஆனால் வைக்கோலில் பற்றிய தீ எத்தனை நாழிகை எரியும்? கோபம் தணிந்த பின் என்ன மிஞ்சுகிறது என்பதல்லவோ கேள்வி?

தென் கொரியாவில் ஒரு சட்டம் மிஞ்சிற்று. 2015 ஜனவரியில் இஞ்சியான் நகரத்துக் காப்பகம் ஒன்றில், 'கிம்ச்சி' என்னும் ஊறுகாயைத் தின்னாமல் மிச்சம் வைத்ததற்காக நான்கு வயதுச் சிறுமியை ஆசிரியை அறைந்தாள். சிறுமி தரையில் விழுந்தாள். அந்தக் காட்சியைக் கண்ட தாய்மார்களின் சீற்றம் சட்டசபை வரை எட்டியது. அவ்வருஷம் ஏப்ரலில் சட்டம் நிறைவேறி, செப்டம்பரில் அமலுக்கு வந்தது. காப்பகங்கள் காமிரா வைக்க வேண்டும். பதிவை 60 நாள் காத்து வைக்க வேண்டும் என்பது விதி.

நல்ல காரியந்தான். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. கார்கரிலும் காமிரா இருந்தது, இஞ்சியானிலும் இருந்தது. காமிராவுக்குக் கண் உண்டு. ஓங்கிய கையைப் பிடிக்கக் கை இல்லை.

அப்படியானால் எது காக்கும்? இருபது வருஷங்களுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கும் நாம் அறிந்ததைச் சொல்கிறோம். பொறுமை என்பது குணம் மட்டுமல்ல, கணக்கும் ஆகும். பிற்பகலில், பசித்த வயிறும் அலுத்த உடம்புமாக, நாற்பது பிள்ளைகளின் எதிரே நாமும் பிரம்பைத் தேடியதுண்டு. தேடியதற்காக வெட்கப்பட்டதும் உண்டு. களைப்பு குற்றத்துக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் தனியாக ஒருத்தியிடம் பத்துச் சிசுக்களை விட்டுப் போவது, குற்றத்துக்கு நாமே வாசல் திறந்து வைப்பதாகும். ஜப்பானிலும் கொரியாவிலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் மூவருக்கு ஒரு பணியாளர் வேண்டும் என்று விதித்திருப்பதன் காரணம் இதுவே.

நம் நாட்டில் 2017-இல் திருத்தப்பட்ட பிரசவ காலச் சலுகைச் சட்டம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் காப்பக வசதி வேண்டும் என்றது. தாய் நாளைக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் கூறியது. தாயின் வரவைவிடச் சிறந்த காவல் எது? ஆனால் தெருக்கோடியில் வாடகை வீட்டில் நடக்கும் காப்பகத்தை அந்த விதி தொடவில்லை. தாய்மார் பலர் நம்பியிருப்பதோ இத்தகைய இடங்களைத்தான்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையைச் சேர்க்குமுன் சுவரிலுள்ள சித்திரங்களைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை குழந்தைகள், எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஆயாவுக்கு என்ன சம்பளம், யார் பழக்கினார்கள், சற்று ஓய்வு உண்டா என்று கேளுங்கள். சொல்லாமல் ஒரு நாள் நடுப்பகலில் போய் நில்லுங்கள். 'உள்ளே வரக் கூடாது' என்று கதவை மறித்தால், குழந்தையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.