மூடிய அறையில் மணமற்ற நஞ்சு: மலைத் தோட்ட வீடுகளுக்கு எச்சரிக்கைக் கருவி தருவது யார்?

புதுதில்லி: குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்போ எரிவாயு ஹீட்டரோ எரியும்போது வெளியாகும் கார்பன் மோனாக்சைடு வாயு, ஆண்டுதோறும் உயிர்களைப் பறித்து வருகிறது. இந்த வாயுவைக் கண்டறிந்து ஒலி எழுப்பும் சிறு கருவியை வீடுகளில் பொருத்த வேண்டும் என்று வற்புறுத்தும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப்புற மலைகளில் வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய பிரச்சினையாகும்.

தலைநகர் தில்லியில் 2024 ஜனவரி 14 அன்று ஒரே நாளில் இரு இடங்களில் 6 பேர் இறந்தனர். அலிப்பூர் பகுதியில் தம்பதியும் அவர்களது இரு குழந்தைகளும், இந்தர்புரியில் நேபாளத்தைச் சேர்ந்த இருவரும் பலியாயினர். இரு இடங்களிலும் மூடிய அறைக்குள் கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

கேரளத்துக்கும் இந்தத் துயரம் புதிதல்ல. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலைப்பகுதிக்குச் சுற்றுலா சென்ற 15 பேர் கொண்ட கேரளக் குழுவில், ஒரே அறையில் தங்கிய 8 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். அறையில் எரிவாயு ஹீட்டர் எரிந்தது. கதவும் ஜன்னல்களும் உட்புறம் தாழிடப்பட்டிருந்தன. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், இறைச்சி வாட்டிய கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்ட கேரவன் வாகனத்தில் இருவர் பிணமாகக் கிடந்தனர். ஜெனரேட்டர் புகையே காரணம் என்பதைக் கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழக வல்லுநர்களின் ஆய்வு உறுதி செய்தது.

புகையில்லாத ஆபத்து

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இது ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றும். அவற்றைச் சளி அல்லது உணவுக் கோளாறு என்று கருதிப் படுத்துவிடுபவர் எழுவதில்லை. கனன்று சிவந்த கரி புகைவதில்லை என்பதால், ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவதே பெரும்பாலான சம்பவங்களில் நிகழும் தவறு.

மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுவதுண்டு. அங்குள்ள பழைய லயங்களில் குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சமையல் இடமுமே உண்டு. விறகடுப்பு எரியும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் இடையே ஒரு சுவர்தான். பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதியிலும் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் உள்ளன. குளிரைத் தடுக்க ஜன்னலை அடைக்கும் வழக்கத்தை அறிவுரையால் மட்டும் மாற்ற இயலாது.

எதை வாங்குவது?

கருவி வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது பெயரை. சமையல் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி வேறு. கார்பன் மோனாக்சைடு கருவி வேறு. புகையை உணரும் கருவியும், கரியமில வாயுவை அளக்கும் கருவியும் இதற்குப் பயன்படா. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அதன் கருவி தரையை ஒட்டிப் பொருத்தப்படுகிறது. கார்பன் மோனாக்சைடோ ஏறக்குறைய காற்றின் எடையே கொண்டது. அறை முழுவதும் பரவும்.

அடுத்தது தரக் குறியீடு. ஐரோப்பாவின் இஎன் 50291, அமெரிக்காவின் யுஎல் 2034 ஆகிய இரண்டும் உலக அளவில் ஏற்கப்பட்டவை. ஐரோப்பியத் தரப்படி, காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு இந்த வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடங்களுக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடங்களுக்குள்ளும் கருவி ஒலிக்க வேண்டும். இத்தகைய குறியீடு இல்லாத மலிவுக் கருவி பொய்யான நம்பிக்கையையே தரும்.

மின்தடை மிகுந்த மலைப்பகுதிகளுக்குப் பாட்டரியில் இயங்கும் கருவியே ஏற்றது. உள்ளிருக்கும் உணரியின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். மாற்ற வேண்டிய ஆண்டு கருவியின் மீது அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். உறங்கும் அறையில், ஒலி கேட்கும் தொலைவில் பொருத்துவது அவசியம். திரைச்சீலைக்குப் பின்னாலோ, ஜன்னலை ஒட்டியோ, குளியலறை ஆவி படும் இடத்திலோ வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். புகைபோக்கிக்கும் காற்றோட்டத்துக்கும் இந்தக் கருவி மாற்றாகாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

இங்கிலாந்தில் வாடகை வீட்டில் எரிபொருள் சாதனம் நிலையாகப் பொருத்தப்பட்ட அறைகளில், சமையல் அடுப்பு நீங்கலாக, இந்தக் கருவியை வைப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. 2015-ல் திட எரிபொருளுக்கு மட்டும் இருந்த விதி, 2022 அக்டோபர் 1 முதல் எரிவாயு சாதனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. குடியிருப்பவர் வாங்க வேண்டியதில்லை. அறையைத் தருபவரே பொறுப்பு.

இந்தியாவில் 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, மாநிலங்களும் உள்ளாட்சிகளும் ஏற்றால்தான் சட்ட வலு பெறும். ஆனால் தோட்டக் குடியிருப்புகளுக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்கு மாற்றாக, தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 92-வது பிரிவு, சமையலறையுடன் கூடிய குடியிருப்பைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிர்வாகம் அளிக்க வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. புகைபோக்கி, காற்றுத் திறப்பு, எச்சரிக்கைக் கருவி ஆகிய மூன்றையும் அந்த விதிகளில் சேர்க்க நாடாளுமன்றத்தில் புதிய மசோதா தேவையில்லை.

2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் மாண்டபோது லயங்களின் நிலை நாடெங்கும் பேசப்பட்டது. மண் சரிவதை நாடு பார்த்தது. ஓசையின்றிப் பரவும் வாயு அவ்வாறு கவனம் பெறுவதில்லை. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு பகுதிகள் இடுக்கி மக்களவைத் தொகுதியிலும், நெல்லியாம்பதி ஆலத்தூர் தொகுதியிலும் உள்ளன. இது குறித்துக் கேள்வி எழுப்பும் வாய்ப்பு அத்தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு உண்டு.

கருவியின் விளக்கக் கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் லயத்தில் அதனால் பயனில்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை, கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக அளித்துள்ளது. அதே நெறியில் எச்சரிக்கை அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும் என்பதை மாநில விதியிலேயே எழுதிவிடலாம்.