பரணில் கிடக்கும் பச்சை அட்டை!
காயலான் கடைக்குப் போடும் முன் பெயரைப் படியுங்கள்

"பழைய இரும்பு, பேப்பர், ஈயம், பித்தாளை..."

தெருவில் குரல் கேட்கிறது. பரணில் இருந்து பழைய கம்ப்யூட்டர் பெட்டி இறங்குகிறது. தராசும் தயார்.

"உள்ள இருக்கிற பச்சை அட்டைக்குத் தனி ரேட்டு போட்டுத் தர்றேன்க்கா" என்கிறார் வந்தவர்.

ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்த அட்டைக்கு ஒரு பெயர் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் எடைக்குப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. அதன் அருகே ஏரி நீர் சூழ்ந்த மீனவர் கிராமம் பசியாவரம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

மகள் படிக்கிறாள் என்று 20 வருஷத்துக்கு முன் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். உப்புக் காற்றுக்கு இரும்பே தாக்குப்பிடிப்பதில்லை. கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? ஒருநாள் நின்றுபோனது. மகள் கல்யாணத்து போட்டோ எல்லாம் அதற்குள்ளே.

"மதர்போர்டு போச்சு. போட்டோவும் போச்சு" என்று கைவிட்டுவிட்டார்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். போர்டு போனால் போட்டோ போகாது! போட்டோ இருப்பது ஹார்டு டிஸ்க்கில். அது தனிச் சாமான். நாலு ஸ்குரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கில் இருந்து வருவது அகலமான பட்டை ஒயரா? அப்படியானால் 40 முனை கொண்ட ஐ.டி.இ. மெல்லிய ஒயர் என்றால் சாட்டா. இது 2003-ல் புழக்கத்துக்கு வந்தது. இரண்டுக்கும் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் கிடைக்கிறது. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், இன்றைய லேப்டாப்பில் மாட்டிப் படத்தை எடுத்துவிடலாம்.

ஹார்டு டிஸ்க் வெளியே வந்தாச்சு. இனி அட்டைக்கு வருவோம்.

பெட்டி மேல் பெயர் வேறு!

பெட்டியில் எச்.சி.எல். என்றோ விப்ரோ என்றோ எழுதியிருக்கும். இரண்டு கம்பெனிகளும் 2013-ம் ஆண்டு வாக்கில் கம்ப்யூட்டர் தயாரிப்பில் இருந்து விலகிவிட்டன. உள்ளே இருக்கும் அட்டை இன்டெல்லாக இருக்கலாம். தைவானைச் சேர்ந்த கிகாபைட், அசூஸ், எம்.எஸ்.ஐ. என்று எதுவாகவும் இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுப் பெயரைச் சொல்லி பெண் வீட்டைத் தேடினால் கிடைக்குமா?

பெட்டியைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். கார்டு செருகும் நீளத் துளைகளுக்கு நடுவே வெள்ளை எழுத்தில் பாருங்கள். பெரும்பாலும் மாடல் பெயர் அங்கேதான் இருக்கும். 'ஜி.ஏ.' என்று தொடங்கினால் கிகாபைட். 'எம்.எஸ்.' என்று தொடங்கி நாலு எண் வந்தால் எம்.எஸ்.ஐ. இன்டெல் அட்டை என்றால் 'ஏ.ஏ.' என்று ஆரம்பிக்கும் எண்ணோடு சின்ன ஸ்டிக்கர் இருக்கும்.

எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. '94வி-0' என்று பல அட்டைகளில் அச்சாகி இருக்கும். அதுதான் மாடல் நம்பர் என்று எழுதிக்கொண்டு கடை கடையாக அலைகிறவர்கள் உண்டு. அது அட்டை எளிதில் தீப்பிடித்து எரியாது என்பதற்கான தரக்குறி. ஆயிரம் அட்டையில் அதுவே இருக்கும்!

வயசு என்ன?

பெயர் கிடைக்கவில்லையா? வயசைக் கண்டுபிடியுங்கள்.

கறுப்பாக நீளமாக இருக்கும் துளை ஐ.எஸ்.ஏ. 1981-ல் ஐ.பி.எம். கம்ப்யூட்டரோடு வந்தது. 1984-ல் இன்னும் நீண்டது. வெள்ளையாகக் குட்டையாக இருப்பது பெரும்பாலும் பி.சி.ஐ. 1990-களின் தொடக்கத்தில் வந்தது. பழுப்பு நிறத்தில் ஒன்றே ஒன்று தனியாக இருந்தால் ஏ.ஜி.பி. 1997-ல் வந்தது. 2004-க்குப் பிறகு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். கறுப்பும் வெள்ளையும் கலந்து இருந்தால் அட்டை 1990-களைச் சேர்ந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

மெமரி குச்சியையும் பாருங்கள். அடியில் இரண்டு வெட்டு இருந்தால் எஸ்.டி.ராம். ஒரே வெட்டு என்றால் டி.டி.ஆர். வகை.

இன்னும் துல்லியமாக வேண்டுமா? சிப்பு மேல் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். '9947' என்று இருந்தால் 1999-ம் ஆண்டின் 47-வது வாரத்தில் செய்த சிப்பு. நாலைந்து சிப்புகளைப் பார்த்து, கடைசியாக வரும் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1613-ல் அங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. படுத்திருப்பவர் யார், எந்த வருஷம் செத்தார் என்பதைக் கல்லில் இருக்கும் எழுத்துதான் சொல்கிறது. அட்டையிலும் எழுத்துதான் சாட்சி.

சாட்சியே பொய் சொன்ன கதையும் உண்டு. 1990-களின் நடுவில் விற்ற சில மலிவு அட்டைகளில் 'கேஷ்' மெமரி என்று ஒட்டியிருந்த சிப்புகள் வெறும் பிளாஸ்டிக். உள்ளே ஒன்றுமே கிடையாது! ஒரு கம்பெனி சிப்பு மேல் வேறு பெயரை அச்சடித்து விற்றதும் நடந்தது. எனவே ஒரு குறியை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது.

திரையில் ஓடும் வரி

அட்டைக்கு இன்னும் உயிர் இருந்தால் வேலை சுலபம். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும். உடனே 'பாஸ்' பட்டனைத் தட்டுங்கள். திரை அப்படியே நிற்கும்.

'அவார்டு' பயாஸ் உள்ள பழைய அட்டையில் கீழே ஒரு நீண்ட வரி தெரியும். முதலில் தேதி. அப்புறம் '2ஏ69கே' என்பது போல ஐந்து எழுத்து. அது சிப்செட் எது என்று சொல்லும். அதை ஒட்டி வரும் இரண்டு எழுத்துதான் அட்டை செய்தவர் யார் என்ற ரகசியம். 'ஜி0' என்றால் கிகாபைட். 'ஏ0' என்றால் அசூஸ். 'ஏ1' என்றால் அபிட்.

ஆனால் பரணில் இருந்து இறக்கியதும் கரண்டு கொடுத்துவிடாதீர்கள். 386, 486 காலத்து அட்டைகளில் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரியைச் சால்டர் வைத்து ஒட்டியிருப்பார்கள். அது கசிந்து சுற்றிலும் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்று பட்ட இடமும் அப்படித்தான். 2000-க்குப் பிந்திய அட்டைகளில் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மெக்கானிக் கையில் கொடுப்பதே நல்லது.

பெயர் தெரிந்து என்ன லாபம்?

பெயர் தெரிந்தால் எந்த மெமரி பொருந்தும், எந்த டிரைவர் வேண்டும் என்று தெரியும். அதே மாடல் அட்டையைத் தேடலாம். பட்டறைக்காரர்களுக்கு இது வயிற்றுப் பிழைப்பு. ஐ.எஸ்.ஏ. கார்டு போட்டு ஓடும் பழைய யந்திரத்துக்குப் புது அட்டை பொருந்தாது. அந்தத் துளையே அதில் இருக்காது! அம்பத்தூரில் அப்படி ஒரு யந்திரம் நின்றால், பசியாவரத்துப் பரணில் தூங்கும் அட்டை அங்கே உயிர் கொடுக்கும். வேலை செய்யும் 386, 486 அட்டைகளை ஆசைக்காகச் சேர்ப்பவர்களும் நல்ல விலை கொடுக்கிறார்கள். எடைக்குப் போட்டால் இது எதுவும் கையில் வராது.

எடைக்குப் போன அட்டை எங்கே போகிறது? அதில் துளித் தங்கம் இருக்கிறது. அதை எடுக்க அனுமதி இல்லாத பட்டறைகளில் ஆசிடில் போடுகிறார்கள். செம்புக்காக ஒயரை எரிக்கிறார்கள்.

ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்து ஈயம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் வெள்ளீயம். பழைய அட்டையில் உள்ள சால்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். காரீயம் விஷம். ஐரோப்பா அதற்கு 2006 ஜூலையில் தடை போட்டது. அதனால் சிப்பில் தெரியும் தேதி 2006-க்கு முந்தியது என்றால் அட்டையில் காரீயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த வலையோடு சேர்த்து ஏரிக்கரையில் வீசிவிட்டால், இறாலும் நண்டும் பிடிக்கிற தண்ணீர் அது. சாப்பிடுவதும் நாம்தான்.

நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2012 மே 1-ல் முதன்முதலாக அமலுக்கு வந்தன. 2022-ல் வெளியான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. உதவாத அட்டையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ரிப்பேர் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் பொன்னேரியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கலாம். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு. மாடல் பெயர், சிப்பு தேதி, திரையில் தெரிந்த வரி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையைப் பாலிதீன் பையில் போடாமல் காகித அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.