எங்கே கட்டக் கூடாது?

பூங்காவில் செடி வைப்பவர், நடைபாதைக்குக் கல் பதிப்பவர் என்றுதான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டைப் பலரும் நினைக்கிறோம். அதுவும் அவர் வேலைதான். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஓர் ஊரே எழும்பப்போகிறது என்றால், மனை பிரிப்பதற்கு முன்பே அவரை அழைத்துவிட வேண்டும். மண் எத்தகையது, நீர்வாட்டம் எந்தப் பக்கம், எந்த மேட்டில் வீடு வரலாம், எந்தப் பள்ளத்தைத் தொடவே கூடாது என்றெல்லாம் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. கட்டக் கூடாத இடத்தைக் காட்டுவதுதான் இத்தொழிலின் கடினமான பகுதி. நிலத்தின் சொந்தக்காரர் கேட்க விரும்பாத பகுதியும் அதுவே.

இத்தொழிலை இந்தத் திசையில் அழுத்தமாகத் திருப்பியவர் இயன் மெக்ஹார்க். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவை அடுத்த கிளைடுபேங்கில் 1920இல் பிறந்தவர். உலகப் போரில் பாராசூட் படையில் இருந்துவிட்டு ஹார்வர்டில் படித்தார். 1954இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. நிலவியலாளர், நீரியலாளர், சூழலியலாளர், மானிடவியலாளர் எல்லோரையும் தன் துறைக்குள்ளேயே கொண்டுவந்தார். 1969இல் வந்த அவருடைய ‘டிசைன் வித் நேச்சர்’ இன்றும் இத்துறை மாணவர்கள் படிக்கும் நூல்.

அந்த நூலில் உள்ள முறை எளிமையானது. ஒளி ஊடுருவும் தாள்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் மண் வகை, ஒன்றில் சரிவு, ஒன்றில் வெள்ளம் ஏறும் இடங்கள், இன்னும் சிலவற்றில் காடு, பழைய கட்டடங்கள், குடியிருப்புகள். எது விலைமதிப்பற்றதோ, எதைச் சிதைத்தால் இழப்பு அதிகமோ அங்கே கருமை கூடும். எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், வெளுத்துத் தெரிகிற தடமே குறைந்த இழப்போடு சாலை போடக்கூடிய தடம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் போடவிருந்த ஒரு நெடுஞ்சாலைக்கு அவர் இப்படித்தான் வழி தேடினார். வரைபடங்களை அடுக்கிப் பார்ப்பது அவருக்கு முன்பும் உண்டு. ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் பணத்தால் அளக்க முடியாத மதிப்பு உண்டென்று ஏற்று, அதையும் கணக்கில் கொண்டுவந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். இன்று கணினியில் ஜிஐஎஸ் எனும் வரைபட மென்பொருள் செய்வதும் இதே அடுக்கு வேலைதான்.

இந்த முறை ஓர் ஊராகவே எழுந்த இடம் டெக்சாஸ் மாநிலத்தின் தி உட்லண்ட்ஸ். ஹூஸ்டனுக்கு வடக்கே பைன் மரங்கள் அடர்ந்த தட்டையான நிலம். மழை பெய்தால் தண்ணீர் எளிதில் வடியாது. வழக்கப்படி பெரிய குழாய்களைப் புதைத்து நீரை வெளியேற்றியிருந்தால் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், மரங்கள் பட்டுப்போயிருக்கும், கீழேயுள்ள ஊர்களில் வெள்ளம் கூடியிருக்கும். மெக்ஹார்க்கின் நிறுவனம் வேறு வழி சொன்னது. தண்ணீரை உறிஞ்சும் மணற்பாங்கான இடங்களைத் திறந்தவெளியாக விடுங்கள்; எப்படியும் உறிஞ்சாத மண்ணில் சாலையும் வீடும் வரட்டும்; குழாய்க்குப் பதில், இயற்கையான ஓடைகளும் புல் வளர்ந்த ஆழமற்ற கால்வாய்களும் மழைநீரை மெல்ல ஏந்திச் செல்லட்டும். ஊரை உருவாக்கிய எண்ணெய்த் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செலுக்கு இதில் லாபமும் தெரிந்தது. குழாய் வடிகாலைவிட இதற்கு 1.4 கோடி டாலருக்கு மேல் செலவு குறையும் என்று கணக்கு வந்தது. 1974இல் ஊர் திறக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1994 அக்டோபரில் பெருமழை ஹூஸ்டன் வட்டாரத்தைப் புரட்டிப்போட்டபோது, உட்லண்ட்ஸில் சேதம் சிறிதளவுதான்.

பின்னால் நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. வாசலுக்கு எதிரே புல் மண்டிய கால்வாய் கிடப்பது குடிவந்தவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கில்லாமல் இருப்பதாகக் கருதினார்கள். மிட்செல் 1997இல் ஊரை நடத்திய நிறுவனத்தை விற்றார். பிற்காலத்தில் எழுந்த பகுதிகளில் கான்கிரீட் ஓரங்களும் புதைகுழாய்களும் வந்தன. பழைய பகுதிகளைவிட அங்கே மழைநீர் அதிகமாக வழிந்தோடுவதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். குடிவந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கால்வாய் எதற்காக அங்கே இருக்கிறது என்று வீடு வாங்க வரும் ஒவ்வொருவருக்கும் சொல்வதையும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்திருக்க வேண்டும்.